அடையாறு பாலத்துப் பழக்கம்

எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியபோது, மயிலாப்பூரிலிருந்த எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. அடையாறு பாலத்தின் உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவு முழுக்க நியூட்ரலிலேயே உருண்டு இறங்குவோம். வண்டி ஓட்டி நாங்கள் கண்ட மேடு அவ்வளவுதான்.

அந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் நால்வர், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் ஏலகிரிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியதில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை முதல் ஆளாக இறங்கிய நான், வழக்கம்போல எஞ்சினை அணைத்தேன். மூன்றாவது வளைவில் பிரேக் கருகி நாறியது. ஐந்தாவதில் பிடிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் மலையோரத்து மண்மேட்டில் மோதி விழுந்தேன்.

பின்னால் வந்த மூவரும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். எங்களில் பெரியவன் என்னைத் தூக்கவில்லை, கத்தினான்.

"மலையில எவனாவது எஞ்சினை ஆஃப் பண்ணுவானா? அறிவு கீதாடா உனக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது இருக்கட்டும். உங்க மூணு வண்டியும் வந்த சத்தமே எனக்குக் கேக்கலியே, இன்னா விஷயம்?"

உடனே மூவரும் குனிந்து, என் முழங்கைச் சிராய்ப்பை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள்.