இரண்டு கண் உள்ளவர்களுக்கான வைத்தியம்

எங்கள் குளிர்பான ஆலையில் அவளுக்கு லைட்டக்கா என்று பெயர். கழுவி முடித்த பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சப் பலகை ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அழுக்கு ஒட்டியது, வாய் உடைந்தது, மயிரிழை விரிசல் விட்டது என்று பார்த்துப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். அக்காவையோ, மாற்று ஆள் வந்த பிறகும் சொல்லித்தான் ஸ்டூலைவிட்டுக் கிளப்ப வேண்டும்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. பாட்டிலைக் கண்ணால் துரத்தக் கூடாது. ஒரே இடத்தில் பார்வையை நட்டுவைத்துவிட்டு, பாட்டில்களை அந்த இடத்துக்கு வரவிட வேண்டும். ஒன்றின் பின்னால் கண் போய்விட்டால் அதற்கடுத்து வருவதெல்லாம் பார்க்காமலே தப்பிவிடும்.

நான் பெட்டி அடுக்கும் பிரிவு. எனக்கு வாய் நீளம் என்பது ஆலை முழுக்கத் தெரியும், அதனால் ஒளிக்க ஒன்றுமில்லை. அக்காவின் தங்கச்சியை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அப்பா அம்மா போன பிறகு அக்கா தன் கல்யாணத்தைக்கூட நினைக்காமல் வளர்த்த பெண் அது. செல்லம் தலைக்கேறிய பெண். அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி ஃபில்லர் மெஷினில் வேலை வாங்கிக் கொடுத்தாள். லைட்டைத் தாண்டி வரும் பாட்டிலில் கேஸ் ஏற்றிப் பானத்தை நிரப்புகிற மெஷின். ஸ்டூலிலிருந்து பார்த்தால் அது வலப்பக்கம். இரண்டு பேரும் பெல்ட்டின் மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் விரிசல் விட்ட பாட்டில் ஒன்று லைட்டைத் தாண்டிப் போய் ஃபில்லரில் வெடித்தது. தங்கச்சியின் இடது கண் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவி படிந்திருந்தது, துடைக்கக் கழற்றினேன் என்று விசாரணையில் சொன்னாள். அதைக் கேட்டு எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அப்போது லைட்டில் இருந்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. இருந்தது அக்கா.

அதற்குப் பிறகு அக்கா அக்காவாக இல்லை. கேன்டீனில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. லைட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. கண்ணாடிச் சத்தத்துக்கு அஞ்சுகிறவளைக் கொண்டுவந்து நாள் முழுக்கப் பாட்டில் உரசும் என் பிரிவில் போட்டார்கள். எங்கள் நிர்வாகத்துக்கு அப்படி ஒரு கருணை.

அக்கா வீட்டில் நடந்ததை மழைக்கு ஒதுங்கிய ஒரு சாயங்காலம் என் கண்ணாலேயே பார்த்தேன். தங்கச்சிக்கு வைத்திருந்த செயற்கைக் கண்ணை எப்போதாவது கழற்றிக் கழுவினால் போதும், தானே செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவள் அதைத் தினமும் அக்காவைச் செய்ய வைத்தாள். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு தரையில் மண்டியிட வேண்டும். நாற்காலியில் மகாராணி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள். அக்கா கண்ணைக் கழற்றிக் கழுவி, குழியில் மருந்து விட்டு, திரும்பப் பொருத்துவாள். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி கேட்பாள்.

"அன்னைக்கு எங்கக்கா பாத்துக்கிட்டு இருந்த?"

"லைட்டைத்தான்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வேற எங்கேயும் பாக்கலம்மா."

"அப்ப எப்படி விட்ட? சரி, கை நடுங்காம போடு. இருக்குற கண்ணையும் குத்திடப் போற."

அந்தக் கண்ணை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வரலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. அக்கா என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஆலை நர்ஸ்தான் ஒரு வழி சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், கண்ணை இப்படியும் அப்படியும் அசைக்க வைத்தே பழைய காயத்தை ஆற்றுகிறார் என்றார். நான் சிரித்தேன். தங்கச்சி என்னைவிட அதிகமாகச் சிரித்தாள்.

"கண்ண ஆட்டுற வைத்தியமா? போய்ட்டு வா. அதெல்லாம் ரெண்டு கண்ணு இருக்கிறவங்களுக்கு."

மூடிய அறையில் தனியாக உட்கார அக்காவுக்கு பயம். அதனால் அனுமதி வாங்கி நானும் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஆலோசகர் நிதானமான அம்மாள். முதல் சில வாரம் பேச்சு மட்டும்தான். பயம் வந்தால் எப்படி மூச்சை இழுத்துவிடுவது, மனசுக்குள் எங்கே போய் ஒதுங்குவது என்று பழக்கினார். பிறகுதான் இரண்டு விரலை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அன்னைக்கு நடந்ததுல ரொம்ப வலிக்கிற காட்சியை மனசுல வெச்சுக்கங்க. தலையை ஆட்டாம, கண்ணால மட்டும் என் விரல் கூடவே வாங்க."

விரல் இடமும் வலமும் போய் வந்தது. அக்காவின் கண் நட்டநடுவில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

"விரலைப் பாருங்கம்மா."

"பாக்குறேனே. இந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பாக்குறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாளுக்குப் புரியவில்லை. அக்கா ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தார். துரத்தக் கூடாது என்பதுதான் இவளுடைய பிழைப்பே என்று நான் விளக்கினேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்ப கண்ணை விட்டுடுவோம். கண்ணை மூடியும் பண்ணலாம். ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தித் தட்டினாலும் இதே வேலை நடக்கும்" என்று அக்காவின் புறங்கைகளில் தட்ட ஆரம்பித்தார்.

அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தின் மேல் இருந்த பயம் அடங்கியது. டம்ளர் விழுந்தால் தோள் குலுங்கும், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அந்த நாள் எப்போதும் வெடிச் சத்தத்திலிருந்தே தொடங்கியது. அதற்கு முன்னால் வெறும் வெள்ளை. ஒரு நாள் அக்காவே, "விரலைக் காட்டுங்க, முயற்சி பண்றேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கண் இடத்தை விட்டு நகர்ந்தது. வலப்பக்கம் போன விரலுக்குப் பின்னால் கண்ணும் போயிற்று. ஒரு சுற்று, இரண்டு சுற்று. விரல் நின்ற பிறகும் கண் வலப்பக்கத்திலேயே நின்றது. அங்கே இருந்தது வெறும் சுவர்தான்.

"என்ன வருது?" என்று அம்மாள் கேட்டார்.

"தங்கச்சி" என்றாள் அக்கா. "அவ கூப்பிட்டா. நான் திரும்பினேன். கண்ணாடியைக் கழட்டிக் கழுத்துல விட்டுட்டு, ரெண்டு பாட்டில் மூடியை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டா. சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினா. நான் சிரிச்சேன்."

மனசில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை, அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ண வேண்டாம் என்று அம்மாள் பக்குவமாகச் சொன்னார். எனக்கு அந்தப் பக்குவமெல்லாம் இல்லை. பஸ்ஸில் ஏறியதுமே பொரிந்து தள்ளினேன்.

"போய் மூஞ்சிக்கு நேரா கேளுக்கா. உன்ன இத்தனை நாள் வறுத்து எடுத்தாளே."

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். "அவதான் தினமும் கேக்குறாளே."

அந்தப் பதிலைக் கேட்டபின் நான் என் நிறுத்தத்தில் இறங்குவேனா? கூடவே போனேன். நாற்காலி, தரை, மருந்து எல்லாம் வழக்கம்போல. வழக்கமான கேள்வியும் வந்தது.

"அன்னைக்கு எங்கக்கா பாத்துக்கிட்டு இருந்த?"

"உன்னத்தான்" என்றாள் அக்கா. கை நடுங்கவில்லை. "ரெண்டு மூடியைக் கண்ணுல வெச்சுக்கிட்டு ஆடினியே, அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தங்கச்சியின் ஒற்றைக் கண் அக்காவைப் பார்த்தது, வாசலில் நின்ற என்னைப் பார்த்தது. பொய் என்று அவள் சொல்லவில்லை.

"யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

அப்படியானால் அவள் தினமும் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. அக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டதா என்று தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அக்கா செயற்கைக் கண்ணைப் பதமாகப் பொருத்தி, கன்னத்தில் வழிந்த மருந்தை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒழிந்தது சனியன் என்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அக்கா திரும்ப லைட்டுக்குப் போய்விட்டாள். தூங்குகிறாள், முகத்தில் சதை போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு இனி வர வேண்டாம் என்று அந்த அம்மாளே கைகுலுக்கி அனுப்பிவைத்தார். கொஞ்ச மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுப் பக்கம் போனேன்.

தங்கச்சி அதே நாற்காலியில் இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"நானே போட்டுக்குறேன்க்கா" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?" அக்கா இப்போது மண்டியிடவில்லை. நின்றபடி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். மருந்து விட்டாள். பிறகு, குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு எதுக்கும்மா கண்ணாடியைக் கழட்டின?"

"தப்புதான்க்கா."

"தப்பான்னு கேக்கல. எதுக்குன்னு கேட்டேன்."

"உன்னச் சிரிக்க வைக்கத்தான்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்குப் பிடிக்காத பெண்தான். அவளுக்கு இது வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாடையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"போதும்க்கா. அவ தூங்குற மாதிரியே தெரியல. அந்த அம்மாகிட்ட அவளையும் ஒரு நடை கூட்டிட்டுப் போ."

"கேட்டா, அவளே கேட்டா" என்றாள் அக்கா. "அதெல்லாம் ரெண்டு கண்ணு இருக்கிறவங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

"கண்ணே வேணாமே. கையில தட்டினாலே போதும்னாங்களே. உனக்கே முதல்ல அப்படித்தானே பண்ணாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பாட்டில் பார்க்கிற அதே பார்வை, நான் கடந்து போகட்டும் என்று ஒரே இடத்தில் நின்றது.

"அது அவளுக்குத் தெரியாது" என்றாள். "நீயும் சொல்லிடாத."

உள்ளே கண்ணாடி டம்ளர் ஒன்று கை தவறி விழுந்து நொறுங்கியது. தங்கச்சி வீறிட்டாள். நான் துள்ளிவிட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த வாரம் எனக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்டாள்.