பகலில் வீட்டில் இல்லாத சைக்கிள்

காலை ஐந்து ஐம்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது என் மனைவியின் வலது முழங்காலைத்தான். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அதற்குக் கிரேப் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்க அவசரப்படவில்லை. எழுந்திருப்பது ஒரு வேலையாகி சில மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் கிராம சுகாதார செவிலியர். மேல்மலையனூர் போகும் சாலையில் பாதிக்கு மேல் போய் இடதுபக்கம் மண்சாலையில் திரும்பினால் வரும் ஊர்தான் அவள் வேலை பார்க்கும் இடம். அங்கே துணை சுகாதார நிலையம் என்று ஒரு சிறிய மாடிக் கட்டடம் இருந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் செவிலியர் தங்க ஓர் அறை. மின்சாரம் மட்டும் வரவில்லை. விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, மின்கம்பம் வரும் என்றார்கள். அதனால் அவள் அங்கே தங்காமல் தினமும் எங்கள் வீடு இருந்த செஞ்சியிலிருந்து லேடீஸ் சைக்கிளில் போய்வந்தாள். பஸ் உண்டு. ஆனால் அது மண்சாலைக்குள் போகாது. மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். நடப்பதைவிட மிதிப்பது முழங்காலுக்குக் கொஞ்சம் தேவலை என்பது அவள் கணக்கு.

அந்த மாதம் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒன்று அங்கேயே தங்க வேண்டும், இல்லையென்றால் மாறுதலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் நேரம் கழித்து வருவதும் சாயங்காலம் வெளிச்சத்திலேயே கிளம்புவதும் இனி நடக்காது.

அவள் மாறுதல் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் கதவைத் திறந்து பேசவே அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. நானும் அங்கே போய்த் தங்க முடியாது. நான் ஒரு நாளிதழின் செஞ்சி நிருபர். செய்திகளை எழுதி, உறையில் போட்டு, சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவது என் வேலை. அந்தப் பஸ் செஞ்சி பஸ் நிலையத்திலிருந்துதான் கிளம்பும். ஆக, அவள் நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்ப ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால், நாங்கள் இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் இதைச் சொன்னேன். பாய் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எதையும் கழற்றாமல் பார்க்கத் தெரியாதவர். அவருடைய மைத்துனர் புதுச்சேரியில் பழைய சாமான் வியாபாரம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களோடு சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பேனல் ஒன்று வந்திருந்தது. வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

"இன்னா சார், இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷன்? சைக்கிளுக்கு ஒரு மோட்டார் வச்சா போச்சு. சூரியன் சும்மாதான வருது" என்றார் பாய்.

விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் ரேடியேட்டர் விசிறியிலிருந்து மோட்டாரை எடுத்தார். அதன் தண்டில் ரப்பர் சுற்றிய ஓர் உருளையைப் பொருத்தி, அது பின்சக்கரத்து டயரை அழுத்திச் சுழற்றும்படி செய்தார். டைனமோ சக்கரத்தால் சுழலும். இது சக்கரத்தைச் சுழற்றும். கேரியருக்குக் கீழே ஒரு கார் பேட்டரி. ஹேண்டில்பாரில் வீட்டு மின்விளக்குக்குப் போடுவது போன்ற ஒரு சுவிட்ச். முன்னால் ஒரு ஸ்கூட்டர் பல்பு. பேனலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். ராஜகிரி மலை எங்களுக்கு மேற்கே இருந்ததால் சாயங்கால வெயில் சீக்கிரம் போய்விடும். அதையும் யோசித்துக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைத்தார் பாய். அவ்வளவு யோசித்தோம்.

சனிக்கிழமை முழுக்க, ஞாயிறு பாதி நாள், பேட்டரி ஏறியது. ஞாயிறு மதியம் அவளை ஏற்றிப் பார்த்தோம். தெரு முனை வரை போய்த் திரும்பினாள். மோட்டார் மாவு மிஷின் போலச் சத்தம் போட்டது.

"எப்டி தங்கச்சி?"

"முட்டி சும்மா தொங்கினு இருந்துச்சுண்ணே" என்றாள். நீண்ட நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை நன்றாகப் போனது. ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மிதித்தாளாம். திரும்பும்போது வேகம் குறைந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பாதி வழியில் மோட்டார் நின்றுவிட்டது. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி போலக் கனத்தன. அவற்றையும் சேர்த்து மிதித்துக்கொண்டு போய், அதேபோல் மிதித்துக்கொண்டு திரும்பி வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். பாய் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு."

"சூரியன் எப்ப வருது?"

"பகல்ல."

"பகல்ல இந்த சைக்கிள் எங்க இருக்குது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்த்தேன். நாள் முழுக்க வெயிலில் இருந்தது பேனல். நாள் முழுக்க அவள் வேலை பார்க்கும் ஊரில் இருந்தது பேட்டரி. இரவில் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. தினமும் எழுதும் செய்தியில் யார், எங்கே, எப்போது என்று சரிபார்ப்பது என் தொழில்.

"சார் படிச்சவரு, நான் மெக்கானிக். நர்சு நீதான் கண்டுபுடிக்க வேண்டியதாப் போச்சு" என்றார் பாய். அவள் சிரிக்கவில்லை. முழங்காலைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி இருந்த இடத்தில் சதை வரிவரியாக அமுங்கியிருந்தது.

அந்த வார விடுமுறையில் பேனலை மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோய்த் துணை நிலையத்தின் மாடியில் ஏற்றினோம். காலையில் அவள் போய்ச் சேர்ந்ததும் ஒயரை மாட்டுவாள். அவள் வீடு வீடாக நடந்து முடித்து வரும்போது பேட்டரி ஏறியிருக்கும். வீட்டுக்கு வர ஒரு பாதி, மறுநாள் போக ஒரு பாதி. அங்கே மலை மறைக்காது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நல்ல வாரங்கள். அவள் எட்டரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் நான் உறையை பஸ்ஸில் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் வீட்டில் இருந்தாள். மேலதிகாரி இன்னொரு முறை வந்தபோது அவள் இருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சைக்கிளைப் பற்றி எழுதுங்கள் என்று பாய் நச்சரித்தார். வீட்டு விஷயத்தை நான் எழுதுவதில்லை.

ஒரே ஒரு குறை சொன்னாள். "சத்தம் ஏரிக்கரையிலயே கேட்டுடுது. தடுப்பூசி போட வேண்டிய பசங்க எல்லாம் நான் போய்ச் சேர்றதுக்குள்ள கரும்புத் தோட்டத்துக்குள்ள பூந்துட்றானுங்க."

"அப்ப மோட்டாரை நிறுத்திட்டுப் போ."

"முட்டியா பசங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பிறகு ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேல்மலையனூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டம்மா சொல்லி அனுப்புனாங்க. இன்னிக்கு வர முடியாதாம். பிரசவ கேசு."

அது புதிது. அந்த ஊரில் பிரசவங்கள் வீட்டில் நடந்தன. சிக்கல் என்றால் வண்டி கட்டி செஞ்சிக்குக் கொண்டு வருவார்கள். துணை நிலையத்துக்கு யாரும் வருவதில்லை. லாந்தர் வெளிச்சத்தில் நர்ஸ் பார்ப்பதை, அதே லாந்தர் வெளிச்சத்தில் வீட்டில் மாமியாரும் பார்ப்பாள் என்பது அவர்கள் பேச்சு. அதில் நியாயமும் இருந்தது.

மறுநாள் அமாவாசை. அது எனக்கு முதல்நாள் இரவே நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. காலையிலிருந்தே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் இடையில் நிற்கவில்லை. வாசல் வரை ஆட்கள். மதியம் வரை காத்திருந்தேன். அவள் வரவில்லை. கடைசியில் ஒரு பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டேன். என் முகத்துக்கு நேரே ஒரு பெண்ணின் கூடையில் எலுமிச்சம்பழங்களும் வேப்பிலையும் இருந்தன. மண்சாலை முனையில் நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்துனா ஏறுறதுக்கு நூறு பேரு வருவான் சார். ஸ்லோ பண்றேன், எறங்கிக்க" என்றார் கண்டக்டர்.

இறங்கினேன் என்று சொல்ல முடியாது. ஓடி நின்றேன்.

துணை நிலையத்தின் கதவு திறந்திருந்தது. அவள் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஸ்கூட்டர் பல்பு ஒயரில் தொங்கியது. சைக்கிளிலிருந்து கழற்றியது. அணைக்க மறந்திருந்தாள். உள்ளே இருந்த கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. பேட்டரி சைக்கிளில் இல்லை, பெஞ்சுக்குக் கீழே இருந்தது. மாடிக்குப் போகும் ஒயர் மாட்டப்படவில்லை. பின்னறையில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் அசைந்தது.

காலடிச் சத்தத்தில் என் மனைவி விழித்துக்கொண்டாள்.

"பஸ்ஸ நிறுத்துனானா?"

"இல்ல. குதிச்சேன்."

"உங்களுக்கும் முட்டி போச்சுன்னா ஒரே துணியில ரெண்டு பேரும் கட்டிக்கலாம்" என்றாள். எழுந்திருக்க முயன்று, திரும்ப உட்கார்ந்தாள். இரவு முழுக்க நின்றிருக்கிறாள். தையல் போட வேண்டியிருந்ததாம். ஊசிமுனை தெரிந்தது என்று இரண்டு முறை சொன்னாள். லாந்தரில் அது தெரியாது.

பிரசவித்தவளின் மாமியார் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய உருவம், வெற்றிலை வாய்.

"நர்சம்மாவ இட்டுனு போவ வந்துக்கிறியா சாமி?"

"ஆமா."

"இட்டுனு போ. அந்த லைட்ட மட்டும் வுட்டுட்டுப் போ."

பின்னறையில் படுத்திருந்தவள் சிரித்தாள். என் மனைவி சிரிக்காமல் பல்பைப் பார்த்தாள்.

"லைட்டு மட்டும் இருந்து இன்னா பண்ணும்?" என்றாள். மாமியாரிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

மாமியார் போன பிறகு, ஊரில் இன்னும் மூன்று பேருக்கு மாதம் நெருங்கிவிட்டது என்றாள் என் மனைவி. அதில் ஒருத்தி காலையிலேயே வந்து, எனக்கும் இங்கேதான், லைட்டு இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இரவில் பல்பு எரிந்தால் காலையில் சைக்கிள் ஓடாது. சைக்கிள் ஓட வேண்டுமானால் இரவில் பல்பு எரியக்கூடாது. இதை அவள் மெதுவாக, ஒரு நோயாளிக்கு மாத்திரை சாப்பிடும் நேரம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள்.

"இன்னொரு பேட்டரி பாத்துக்கலாம்" என்றேன்.

"இருக்குற பேனலு ஒரு பேட்டரிய ஏத்துறதுக்கே சாயங்காலம் ஆவுது. பாயே சொன்னாரே."

நான் பல்பை அணைத்தேன்.

"நான் இங்கயே இருந்துடட்டுமா?"

"எவ்ளோ நாளைக்கு?"

"கம்பம் வர்ற வரைக்கும்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கேக்காதீங்க."

வெளியே வெயில் நன்றாக இருந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் நான் போய் மாடியிலிருந்து வரும் ஒயரைப் பேட்டரியில் மாட்டினேன். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் என்று பெஞ்சிலிருந்தே சொன்னாள். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒருமுறை சரிபார்த்தேன்.

அந்த வாரம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு கோரைப்பாய், இரண்டு போர்வை. அவ்வளவும் டவுன் பஸ்ஸின் மேலே ஏறின. கண்டக்டர் மண்சாலை முனையில் நிறுத்தி, சாமான் இறங்கும் வரை காத்திருந்தார். அன்று அமாவாசை இல்லை.

மோட்டாரைச் சைக்கிளிலிருந்து கழற்றியபோது பாய் அதிகம் பேசவில்லை. "சார், நாம சைக்கிளுதான செஞ்சோம்?" என்று மட்டும் கேட்டார். மோட்டாருக்கு மறுபடியும் இறக்கை வைத்து, கடையில் தன் மேசைக்கு நேரே ஒரு விசிறியாக மாட்டிக்கொண்டார்.

சைக்கிள் என்னிடம் வந்தது. பின்டயரின் நடுவில் உருளை தேய்த்த இடம் வழவழவென்று இருந்தது. வார நாட்களில் உறையை பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்து, ஒருவருக்கு மட்டும் சமைக்கச் சோம்பி, பல நாள் ஓட்டலில் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிடுவேன். முதல் ஏற்றத்திலேயே என் முழங்கால் ஒரு சத்தம் போட ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு நான் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிக்குப் போனேன். பேனலைச் சுற்றி யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்; பேனல்மேல் ஒன்றுகூட இல்லை.