நான் மறைக்காத வழக்கு எண்

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தாம்பரம் கோர்ட்டில் இன்றும் வழக்கு நடத்துகிறேன். இதை எழுதும்போது அந்தப் பெண்ணின் வேலையையும் அவர் குடியிருந்த பகுதியையும் மாற்றியிருக்கிறேன். முதல்முறை அவரைப் பற்றி எழுதியபோது எனக்கு அந்தக் கவனம் இருக்கவில்லை.

ஊரடங்குக் காலத்தில் விசாரணைகள் திரைக்கு மாறின. என் வயதுக்காரர்கள் பலர் அத்தோடு கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டார்கள். நான் கற்றுக்கொண்டேன். மனுவை ஸ்கேன் செய்து ஏற்றவும், கோர்ட் செயலியில் வழக்கின் நிலையைப் பார்க்கவும், பேசாதபோது மைக்கை அணைத்து வைக்கவும் பழகினேன். அதில் ஒரு கர்வம் வந்தது. அந்தக் கர்வத்தில் ஒரு பேஸ்புக் பக்கமும் தொடங்கினேன். வழக்கறிஞர் தன்னை விளம்பரம் செய்துகொள்ளக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அதனால் மற்றவர்களைப் போலவே நானும் அதற்கு ‘சட்ட விழிப்புணர்வு’ என்று பெயர் வைத்தேன். வீட்டின் முன்னறையில் சட்டப் புத்தகங்கள் தெரியும்படி உட்கார்ந்து, பட்டா, பத்திரம், திரும்பி வந்த செக் என்று எதையாவது ஒரு நிமிடம் பேசுவேன். முடிவில் என் போன் நம்பர் திரையில் வரும். அது யாருடைய விழிப்புணர்வுக்கு என்று என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பெண்ணும் அந்த வீடியோக்களில் ஒன்றைப் பார்த்துத்தான் வந்தார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர். கணவர் அடிப்பவர். முடிச்சூரில் இருந்த வீட்டைவிட்டு மகளோடு வெளியேறி, அனகாபுத்தூரில் ஒரு சின்னப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். மகளின் படிப்புக்காகப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். ஸ்கூல்ல தெரியக்கூடாது. சர்ச்ல தெரியக்கூடாது. அங்க தெரிஞ்சா எங்க அண்ணனுக்குப் போயிடும். அவருக்குத் தெரிஞ்சா மறுநாளே கொண்டுபோய் அந்த வீட்ல விட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.”

“உங்க வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகுமேம்மா. அவர் சொல்லிட்டா?”

“சொல்ல மாட்டார் சார். அப்புறம் நான் ஏன் வீட்டைவிட்டுப் போனேன்னு அவரைக் கேப்பாங்கல்ல.”

யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். அவர் கணக்கு சரியாகவே இருந்தது. கணவர் வாயைத் திறக்கவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனு போட்டோம். கணவர் அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கமோ பள்ளிப் பக்கமோ வரக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. உத்தரவை வாங்கிக்கொண்டு வராண்டாவில் நின்று, “இன்னிக்கு என் பொண்ணை முன் ரூம்ல படுக்க வைக்கலாம் சார்” என்றார். அதுவரை ஜன்னல் இல்லாத உள்ளறையில்தான் இருவரும் படுத்திருக்கிறார்கள்.

அன்று மதியம் வக்கீல்கள் அறையில் அந்த உத்தரவைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு உத்தரவு வாங்கியதாக வாட்ஸப் குழுவில் போட்டால், அடுத்த நொடியே ‘நம்பர் போடுங்க’ என்று கேட்பார்கள். எண்ணைச் செயலியில் தட்டினால் வழக்கு உண்மையா என்று தெரிந்துவிடும். எண் இல்லாத வெற்றியை எங்களில் யாரும் நம்புவதில்லை. எனக்கு எதிர் இருக்கையில் உட்காரும் நண்பர், தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

“இன்னாண்ணே, ஆர்டர் கீதா, இல்ல வீடியோல வுட்ற மாதிரி சும்மாவா? கீதுன்னா நம்பரப் போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனதும் வழக்கு விவரம் இருந்த திரையைப் படமெடுத்தேன். மனுதாரர் பெயரையும் எதிர்மனுதாரர் பெயரையும் விரலால் கறுப்பு தேய்த்து மறைத்தேன். எண்ணை விட்டுவைத்தேன். மறந்துபோய் விட்டதல்ல. நண்பர் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன். ‘குரோம்பேட்டையில் ஆசிரியையாக இருக்கும் ஒரு சகோதரிக்குப் பெற்றுத் தந்த பாதுகாப்பு’ என்று மேலே எழுதி, குழுவிலும் என் பக்கத்திலும் போட்டேன். பெயரை மறைத்துவிட்டேன், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். யார் வேண்டுமானாலும் அந்தச் செயலியில் எண்ணைத் தட்டலாம், தட்டினால் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் நானே செய்கிற வேலை அது. ஆனால் எண்ணைத் தட்டிப் பார்ப்பவர்கள் வக்கீல்கள் மட்டுமே என்பதுபோல என் புத்தி இருந்தது.

சில நாள் கழித்து, ஒரு காலையில், நான் போகும் சர்ச்சின் வாட்ஸப் ஜெபக் குழுவில் ஒரு செய்தி வந்தது. வேறு சபையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. ‘குரோம்பேட்டையில் ஒரு சகோதரி. பிசாசு ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான். கணவனும் மனைவியும் ஒன்றுசேர ஊக்கமாக ஜெபிக்கவும்.’ கூடவே ஒரு படம். ஜெபக் குழுவில் வருவதையெல்லாம் நான் முழுதாகப் படிப்பதில்லை. கூப்பிய கைகளைப் போட்டு ‘ஆமென்’ என்று தட்டினேன். பிறகுதான் படத்தைத் திறந்தேன். என் விரல் தேய்த்த கறுப்பு. அதற்குக் கீழே யாரோ அவர் பெயரை முழுதாக எழுதியிருந்தார்கள், ஜெபத்தில் பெயர் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று.

என் ‘ஆமென்’னை அழித்தேன். என் பக்கத்தில் இருந்ததையும் அழித்தேன். அதற்குள் படம் எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ. அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று யோசித்து, அதற்கும் பயந்து வீட்டிலேயே இருந்தேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார். கூட அவர் அண்ணன். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

“உங்க மேல ஒரு குறையும் இல்ல சார். உங்க வீடியோல்லாம் என் வீட்ல பாப்பாங்க. பாஸ்டர் மாப்பிள்ளைகிட்ட பேசிட்டார். மாப்பிள்ளையும் இனிமே கை ஓங்க மாட்டேன்னு பைபிள் மேல கை வெச்சு சொல்லிட்டார். கேஸை வாபஸ் வாங்கிடலாம்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்கம்மா.”

“அண்ணன் சொல்றதுதான் சார்.”

“பின்ன என்ன சார்? ஊரே ஜெபம் பண்ற அளவுக்கு ஆயிடுச்சு. இதுக்கு மேல எதை மறைக்கறது?” என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ அண்ணன்களையும் அப்பாக்களையும் அப்படி வெளியே அனுப்பியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. தனியாக இருந்தால் அந்தப் படத்தைப் பற்றி அவர் என்னைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

வாபஸ் மனு விசாரணைக்கு வந்த அன்று மாஜிஸ்திரேட் அம்மா அவரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?”

“இல்ல மேடம்.”

அவர் குரலில் ஏதோ பட்டிருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சார் சொல்றீங்க?”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரைத் தனியே அழைத்து விசாரித்திருப்பார். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், விஷயம் அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். விதியை மீறி விளம்பரம் செய்தவன் என்பது எழுத்தில் ஏறும். நண்பர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“பாதுகாப்பு கேட்ட மனுவை மேற்கொண்டு வலியுறுத்தவில்லை, மேடம்” என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் கார் எடுக்கப் போனார். வராண்டாவில் நாங்கள் இருவரும் நின்றோம். “அம்மா, நான் அந்தப் படத்தை…” என்று தொடங்கினேன்.

அவர் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். கோபமாக இல்லை, அவசரமாக இருந்தார்.

“சார், இனிமே என் போனை வீட்டுக்காரர் பார்ப்பார். நீங்க மெசேஜ் எதுவும் அனுப்பிடாதீங்க. சாரின்னுகூட வேண்டாம். எதுக்கு சாரின்னு கேப்பார்.”

“சரிம்மா” என்றேன்.

கார் வந்து நின்றது. அண்ணன் உள்ளிருந்தபடியே எனக்குக் கும்பிடு போட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.