இராசரத்தினத்தின் கடைவாய்ப்பல்

2015 ஜூன் மாதத்தில் ஒரு காலை இராசரத்தினம் எழுந்தபோது இடது தாடை வீங்கியிருந்தது. அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. ஈஸ்ட் டாமாக்கியில் போத்தல் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அன்றும் வேலைக்குப் போனார். வீங்கிய முகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீடு நகரின் இன்னொரு மூலையில், நியூ லின்னில். மனைவி சிவபாக்கியம் ஆறு வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்கென்று டொராண்டோ போனவள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பிறகு குழந்தை நடக்கட்டும் என்றாள். பிறகு இரண்டாவது குழந்தை வந்தது. பிறகு மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வருவது பற்றிய பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார்கள். சாப்பிட்டாயிற்றா, அங்கே குளிரா, பிள்ளைகள் எப்படி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பதினைந்து வருடமாக இராசரத்தினத்துக்கு நீரிழிவு. தனியாளுக்கு என்ன சமையல் என்று பல நாட்கள் பாண் ரொட்டியும் தேநீருமாகப் போகும். மாத்திரையும் சில நாள் மறந்துபோகும்.

நியூ லின்னில் பார்த்த பல் மருத்துவர், சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது பல்லைப் பிடுங்கிவிடுவதே நல்லது என்றார். வலது பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பற்கள் போய்விட்டன. இதுவும் போனால் எதை வைத்து மெல்வது? வேறு வழியே இல்லையா என்று இராசரத்தினம் திரும்பத் திரும்பக் கேட்டதால், அந்த மருத்துவர் பல்லின் வேர்ச் சிகிச்சை மட்டுமே செய்யும் நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்த நிபுணர் நகரின் வடக்கே ஆல்பனியில் இருந்தார். பெயர் சுரேகா, கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கடிதத்தில் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"அங்கிள், பல்லைக் காப்பாத்த முடியும்னு நினைக்கறேன். ஆனா இங்க பாருங்க." எக்ஸ்ரே படத்தில் வேரின் நுனியில் பட்டாணி அளவுக்குக் கருப்பாக ஓரிடம் தெரிந்தது. "கிருமி எலும்பை அரிச்சிருக்கு. சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது மெதுவாத்தான் ஆறும். வேருக்குள்ள கொஞ்சம் கிருமி தங்கிட்டாலும் திரும்ப வந்துடும். அதனால மருந்து விட்டுக் கழுவறதோட, வெளிச்சமும் காட்டலாம்னு இருக்கேன்."

"வெளிச்சமோ?"

"ஆமா. முதல்ல வேருக்குள்ள நீலச் சாயம் விடுவேன். கிருமியெல்லாம் அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் மெல்லிய நார் வழியா சிவப்பு லேசர் வெளிச்சம் விட்டா, அந்தச் சாயமே கிருமியைக் கொன்னுடும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன் அங்கிள். ஆராய்ச்சி இன்னும் நடந்துட்டுதான் இருக்கு. நல்லாக் கழுவறதுதான் முக்கியம், இது கூடுதலா ஒரு துணை. சர்க்கரையை நீங்கதான் குறைக்கணும். வீட்ல யார் சமைக்கறாங்க?"

"நான்தான்."

"கூட யாரு இருக்காங்க?"

"இப்ப ஒருத்தரும் இல்லை, டொக்டர்."

அன்றே பல்லைத் திறந்து, சீழை வடித்து, மருந்து வைத்து மூடினார். வீக்கம் வடிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூலையில், இராசரத்தினம் மறுபடி அந்த நாற்காலியில் சாய்ந்தார். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டினார்கள். அதன் பிறகு பேச முடியாது. கண்ணுக்கு நிறக்கண்ணாடி போட்டுவிட்டார்கள். நெடுநேரம் கழுவிய பின் ஊசியால் சாயத்தை இறக்கினார் சுரேகா.

"இப்ப வெளிச்சம், அங்கிள். ஒவ்வொரு வேருக்கும் ஒரு நிமிஷம். வலிக்காது. அசையாம இருங்க."

தலை அசையாமலிருக்க அவர் தன் இடது உள்ளங்கையால் இராசரத்தினத்தின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கையுறைக்குள்ளிருந்து சூடு வந்தது. முகத்தில் இன்னொருவர் கை பட்டு எத்தனை காலம் என்று நினைத்துப் பார்த்தார் இராசரத்தினம். விமான நிலையத்தில் சிவபாக்கியம் அவர் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கண்ணாடியின் ஓரமாகக் கண்ணீர் காதுக்கு இறங்கியது.

"வலிக்குதா?" வெளிச்சத்தை உடனே நிறுத்திவிட்டுக் கேட்டார் சுரேகா.

இல்லை என்று கையை அசைத்தார்.  சுரேகா ஒரு பஞ்சுத்துணியால் காதோரத்தை ஒற்றிவிட்டு, மறுபடி தாடையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தபோது எச்சில் இளநீலமாக வந்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். அதன் ஓரமும் நீலம். சிரிப்பு வந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு விளக்கை அணைத்தார்.

சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்துவிடவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஐம்பதையொட்டி இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரி எண்பத்தாறில் இருந்தது. குடும்ப மருத்துவர் மாத்திரையை மாற்றினார். இராசரத்தினம் வேலை முடிந்து நடக்கத் தொடங்கினார். பருப்பும் கீரையும் சமைத்தார். டிசம்பர் விடுமுறையில் நடையும் சமையலும் குலைந்தன. ஆறாம் மாதப் படத்தில் அந்தக் கருப்பு பாதியாகியிருந்தது. "நல்லா வருது அங்கிள்" என்று சுரேகா சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் மறுபடி நடந்தார். எண் அறுபத்தொன்றுக்கு வந்தது.

2016 ஜூலையில் எடுத்த படத்தில் அந்த இடத்தில் எலும்பு நிறைந்திருந்தது. சுரேகா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"ஆறிடுச்சு அங்கிள். இனிமே இங்க வர வேண்டியதில்ல."

"மற்றப் பல்லுகள்? ஒருக்கா வடிவாப் பாருங்கோவன்."

சுரேகா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பல்லாக, அவசரப்படாமல் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

கார் தரிப்பிடத்தில் உட்கார்ந்து இராசரத்தினம் டொராண்டோவுக்கு அழைத்தார். அன்று புதன்கிழமை. அங்கே முதல் நாள் மாலை ஏழு மணி.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும் வருத்தமோ?" சிவபாக்கியத்தின் குரல் பதறியது.

"ஒண்டுமில்லை. பல்லு வருத்தம் மாறிச் சுகமாயிட்டுது. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"எந்தப் பல்லு?"

ஒரு வருடமாக அவளிடம் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீக்கத்திலிருந்து தொடங்கி நீல நாக்கு வரை சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் தனியவோ போனீங்கள்?"

"ஓம்."

 "சின்னப் பேத்திக்குச் சாப்பாடு தீத்தவேணும்," என்றாள். "ஞாயிறு நானே எடுக்கிறன்."

சொன்னபடி எடுத்தாள். சர்க்கரை எவ்வளவு, என்ன சமைத்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதன் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே நடந்தது. சில நாள் அரை மணி நேரம்கூடப் பேசினார்கள். அவள் வருவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.