கெட்டிமேளம் காத்திருந்த முகூர்த்தம்

என் மகளின் திருமணம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடைபெற்ற அன்று, மேளக்காரர்களின் வேன் ராகலை நகருக்கு அப்பால் மண்சரிவில் நின்றுவிட்டது. தாலி ஏறும் வேளையில் தும்மலோ அமங்கலச் சொல்லோ எவர் செவியிலும் விழாதிருக்கவே கெட்டிமேளம் கொட்டப்படுகிறது. மாப்பிள்ளையின் தாயார் இதில் வெகு கண்டிப்பானவர்.

"மேளம் இல்லாம எம்மகன் தாலியத் தொடமாட்டான் சம்பந்தி. சொல்லிட்டேன்."

புத்தகங்களைப் பார்த்து நானே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பழகிவந்த கணினி வீட்டில் இருந்தது. அதைத் தூக்கிவரச் செய்து கோயில் ஒலிபெருக்கியுடன் இணைத்தேன். ஒரு மென்பொருளில் நாதஸ்வரம், மற்றொன்றில் கெட்டிமேளம். தனித்தனியே ஒலிக்கவிட்டுப் பார்த்தேன், இரண்டும் கணீரென்றிருந்தன. திருவிழாக்களில் இரண்டு கசட் ரெக்கோடர்களை வைத்து ஒன்றை நிறுத்தி, மற்றதை அழுத்திப் பழகிய கை என்னுடையது. இதுவும் அவ்வாறே என்று நம்பினேன்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் பூசாரி.

நாதஸ்வரத்தை இடைநிறுத்திவிட்டு மற்றதை அழுத்தினேன். ஓசை இல்லை. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் மீண்டும் அழுத்தினேன். திரையில் புதுப்புதுச் சாளரங்கள் திறந்தனவேயன்றி ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் கையில் தாலி அந்தரத்தில் நின்றது.

"மேளக்காரன்னா ஒரு டீய குடுத்து வாசிக்கச் சொல்லலாம். இதுக்கு என்னத்தக் குடுக்கிறது?" என்றார் மாப்பிள்ளையின் மாமன். எவரும் சிரிக்கவில்லை.

"கைய இறக்குப்பா," என்றார் தாயார்.

மாப்பிள்ளை கையை இறக்கினார். குனிந்திருந்த என் மகளின் தோள்கள் நடுங்கியதைக் கண்டேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த நாளைய அவ்வியங்குதளத்தில் ஒலியை வெளியே அனுப்பும் ஒலி அட்டையை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே பிடித்திருக்க முடியும். இடைநிறுத்தினாலும் அது பிடியை விடுவதில்லை. அடுத்தது வெளியே காத்து நிற்கும். அட்டையைப் பிடித்திருப்பது எது என்று கட்டளையிட்டுக் கேட்டேன். நாதஸ்வரம்தான். அதன் ஓட்டத்தை முற்றாக முடித்துவைத்தேன்.

கோயில் அதிரக் கெட்டிமேளம் வெடித்தது. "கட்டுப்பா, கட்டுப்பா!" என்று தாயார் கூவினார். தாலி ஏறியது. அட்சதை பொழிந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மேளம் முடிந்தது. முடிந்த கணமே முதலிலிருந்து மறுபடி தொடங்கிற்று. நான் பதற்றத்தில் அழுத்திய ஒவ்வோர் அழுத்தமும் தன் முறைக்காகக் காத்து நின்றிருக்கிறது! பின்வரிசையினர் மீண்டும் அட்சதை தூவினர். மாப்பிள்ளை திடுக்கிட்டுத் தன் தாயாரைப் பார்த்தார்.

மூன்றாம் முறையும் அது முழங்கியபோது, சம்பந்தியம்மாள் என்னை நோக்கிக் கைகூப்பினார்.

"போதுங்க சம்பந்தி! நாங்க ஒரு தாலிதாங்க கொண்டாந்திருக்கோம்!"

மின்கம்பியைப் பிடுங்கினேன். அந்த நிசப்தத்தில் முதலில் சிரித்தவள் என் மகள்.