மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்த படம்

கொரோனா முதல் அலை கொஞ்சம் அடங்கி, பாதிப் பேரை மட்டும் உட்கார வைத்துத் தியேட்டர்களைத் திறந்திருந்த பொங்கல் சமயம். திருவொற்றியூரில் ஒரு தியேட்டர், மதியக் காட்சி, என் அபிமான நடிகர் படம். நான் காசிமேட்டில் பிறந்தவள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவர் திரையில் வந்தால் விரலை வாயில் வைத்து விசில் அடிக்கிற ரகம். பத்து மாதமாக அதற்கு வழியில்லாமல் தவித்துப் போயிருந்தேன்.

அன்று காலை உடம்பு லேசாகச் சுட்டது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் முந்தின நாள் முழுக்கத் தைத்த அலுப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தியேட்டர் வாசலில் நெற்றிக்கு நேரே கருவி பிடித்துச் சூடு பார்ப்பார்களே! வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். வாசலில் ஒன்றும் காட்டவில்லை, உள்ளே விட்டுவிட்டார்கள். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு!

பெருக்கல் குறி ஒட்டிய காலி இருக்கைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவும் அவர் கணவரும். நடிகர் வந்ததும் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கி மூச்சு முட்ட விசிலடித்தேன். அக்காவுக்கு ஒரே சிரிப்பு. இடைவேளையில் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"நெத்திலி வறுவல்மா, துன்னு. இவருக்கு டயாலிசிஸ் பண்ணிகினு கீறோம். ஆஸ்பத்திரி தவுர பத்து மாசமா எங்கியும் இட்டுகினு போவல. படம் பாக்கணும்னு ஒரே நச்சரிப்பு, அதான் இன்னிக்கு இட்டாந்தேன்."

முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "யாருபா அது, வாசன தூக்குது!" என்றார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். மீன் வாடையிலேயே வளர்ந்த காசிமேட்டுக்காரிக்கு நெத்திலி மணக்கவில்லை!

பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் வெளிறிய முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு தள்ளி நின்றேன்.

"அக்கா, எனக்கு வாசனையே தெரில. காலைல சுரம். மாத்தர போட்டுகினு வந்துட்டேன்."

கத்துவார், நாலு பேரைக் கூட்டுவார் என்று நடுங்கினேன். அக்கா டப்பாவை மூடினார். "இப்பவாவது சொன்னியே" என்றார், அவ்வளவுதான். நான் கேட்டதும் போன் நம்பர் கொடுத்தார். கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். அதற்குள் படம் மறுபடி தொடங்கிவிட்டது. அந்த மனிதர் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

நானும் படத்தை விட்டுவிட்டு வந்து டெஸ்ட் எடுத்தேன். எனக்குக் கொரோனாதான். படுக்கையில் இருந்தபடியே தினமும் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பேன். இரண்டு வாரம் கழித்து, "அவருக்கு ஒண்ணும் இல்லமா, டெஸ்ட் எடுத்தாச்சு. நீ ஒயுங்கா துன்றியா?" என்று அக்கா கேட்டபோது வாய்விட்டு அழுதேன்.

என் ஒருத்தியின் அவசரத்தால் பாதியில் எழுந்து போன அந்த மனிதர், மீதிப் படத்தை அப்புறமாவது பார்த்தாரா என்று கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.