பெயர் சொல்லாத ஜெபம்

சலோமி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் கல்லும் கரையும் என்பார்கள் கூடல் நகர்ப் பெண்கள். சபையில் யார் புது வீட்டில் பால் காய்ச்சினாலும், யார் பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், யாருக்குப் பித்தப்பையில் கல் என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். அவளும் பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு முந்தானையை முக்காடாக இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கண்ணை மூடினால் போதும், வார்த்தை மடை திறந்த மாதிரி வரும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது வீட்டுக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். அதைப் பார்ப்பதில் சலோமிக்கு ஒரு திருப்தி. கொஞ்சம் அதிகப்படியான திருப்தி என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாரும் இல்லை.

ஆனால் அவளைத் தாங்கி நிறுத்தியது இந்த ஊர் ஜெபம் அல்ல. விடியற்காலையில், புருஷன் ஆசீர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படித் தரையில் தனியாக உட்கார்ந்து பண்ணுகிற ஜெபம்தான். அதில் அலங்காரம் எதுவும் இருக்காது. பிறந்த வீட்டு அண்ணனிடம் பேசுகிற மாதிரி ஆண்டவரிடம் பேசுவாள். முழங்கால் வலி, வெட்டிக் கெடுத்த ஜாக்கெட் துணி, ஆசீர் ஸ்கூல் வேனை எங்கேயோ கொண்டுபோய் இடித்தது எல்லாம் சொல்லுவாள். பிள்ளை இல்லாத வீடு. அந்தக் கொஞ்ச நேரம் இருந்ததால்தான் மீதிப் பொழுது ஓடியது.

அந்த ஜெபம்தான் இப்போது வற்றிப்போயிருந்தது. உட்கார்ந்தால், கூட்டத்தில் பேசுகிற அதே பெரிய பெரிய வாக்கியங்கள் வாயில் வந்தன. அடுப்படியில் கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியவரும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள், அவ்வளவுதான்.

சலோமி குடியிருந்த காம்பவுண்டில் பக்கத்து வீடு தமிழ்ச்செல்வியுடையது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்தமாக மல்லி வாங்கி வந்து கட்டி விற்கிறவள். விடியலில் எழுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்பதால் குழாயடியில் சேர்ந்த சிநேகம். தமிழ்ச்செல்வியின் மகள் பவதாரிணியை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் திடீரென்று பெட்டியோடு வந்து சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் கிளாஸுக்காக வந்திருக்கிறாள் என்றுதான் காம்பவுண்டுக்குச் சொல்லப்பட்டது. நிஜம் சலோமிக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளை குடிக்கிறார், கையும் நீட்டுகிறார். பெரியவர்கள் ரெண்டு பேர் பதமாகப் பேசி, குடியை நிறுத்தும் வைத்தியத்துக்கு வர அவரைப் பாதி சம்மதிக்க வைத்திருந்தார்கள். "யார்ட்டயும் சொல்லிராதீகக்கா," என்று தமிழ்ச்செல்வி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

சலோமி யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள். மற்றவர்கள் சுகர், லோன் என்று சப்பென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சலோமி கண்ணை மூடி ஆண்டவரிடம் சொன்னாள். பவதாரிணி என்கிற உமது பிள்ளை என்று ஆரம்பித்தாள். உசிலம்பட்டி வந்தது, பாட்டில் வந்தது, கன்னத்துக் காயம் வந்தது. எல்லோரும் அழுதார்கள். நல்ல அழுகை. அழுதவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. அவள் தங்கச்சி குடியிருப்பது உசிலம்பட்டியில், மாப்பிள்ளை வீடு இருக்கும் அதே தெருவில்.

பிறகு கேட்கவா வேண்டும். "மதுரை பூராவும் எங்க மகனைக் குடிகாரன்னு டமாரம் அடிச்சிட்டீங்க, இனி என்ன வைத்தியம்?" என்று சம்பந்தி வீட்டில் போனை வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் வரமாட்டேன் என்றார். தமிழ்ச்செல்வி வந்து சண்டை போடவில்லை. சலோமி குழாயடிக்கு வந்தால் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போனாள். 'ஊர்வம்பா பேசினேன், ஜெபம்தானே பண்ணினேன்' என்று சலோமி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

ஜெபம் வற்றியதற்கு வேறு காரணங்கள் தேடினாள். உபவாசம் இருந்தாள், தலை சுற்றியது. போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டாள். புதுப் பாய் வாங்கினாள். அடுப்படியிலிருந்து பீரோ ஓரத்துக்கும், அங்கிருந்து ஜன்னல் பக்கத்துக்கும் மாறினாள். "டவர் கிடைக்கலையா?" என்று ஆசீர் போர்வைக்குள்ளிருந்து கேட்டான். அவன் மேல் பாயை வீசலாம் போல இருந்தது.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் சபையில் ஆயத்த ஆராதனை நடக்கும். இருதயத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு மறுநாள் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துப் பந்திக்கு வரச் சொல்லும் ஆராதனை. போதகர், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அங்கே போய்விட்டு இங்கே வாருங்கள் என்றார். வருஷக்கணக்காகக் கேட்ட பேச்சு. வழக்கம்போல சலோமியின் கண், இது யாருக்குப் பொருந்தும் என்று பெஞ்சு பெஞ்சாகத் தேடியது. மாமியாரோடு பேசாத மருமகள் ஒருத்தி, தம்பியோடு வழக்குப் போட்ட அண்ணன் ஒருத்தர். ஜெசிந்தா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றாக வேண்டும் என்று சலோமி நினைத்தாள்.

அப்புறம் எல்லோரும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார்கள். சலோமி கண்ணை மூடினாள். ஆண்டவரே என்று சொல்லுமுன் தமிழ்ச்செல்வியின் முதுகு கண்ணில் வந்தது, பாதிக் குடத்தோடு நடந்து போகிற முதுகு. அதைத் தாண்டி எதையும் பார்க்க முடியவில்லை. எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆராதனை முடியுமுன்னே வீட்டுக்கு நடந்தாள்.

தமிழ்ச்செல்வி வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே டிவி ஓடியது.

"தமிழு, ஒரு வார்த்தை."

"சொல்லுங்க." நிமிரவில்லை.

"நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஜெபத்துலதான் சொன்னேன். கடவுள்கிட்டதான சொன்னேன்."

நாரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அவருக்கு எம்மக பேரு தெரியாதாக்கா, அம்புட்டுச் சத்தமாச் சொல்றதுக்கு?"

சலோமி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாலு தெருவுக்கு ஜெபம் பண்ணிய வாய்தான். அதிலிருந்து வந்த பேச்சு அவளுக்கே புதிதாக இருந்தது.

"இல்ல தமிழு. கூட்டத்துல இருந்தவுங்க கேக்கணும்னுதான் சொன்னேன். நான் சொன்னா அழுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன்."

டிவியின் சத்தம் குறைந்தது. உள்ளே பவதாரிணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இப்ப வரலக்கா," என்றாள் தமிழ்ச்செல்வி. "வாயி ஒண்ணு மனசு ஒண்ணு பேச மாட்டேன்."

"வேணாம். வெள்ளிக்கெழமை கூட்டத்துலயும் என் தப்பச் சொல்லிர்றேன்."

"ஐயோ, அங்க ஒண்ணும் சொல்லாதீக. மறுபடி எம்மக கதைதான் ஓடும்." தமிழ்ச்செல்வி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு செய்ங்க. இனிமே எம்மக பேர உங்க வாயால எடுக்காதீக. ஜெபத்துலயும்தான்."

"எடுக்க மாட்டேன்," என்றாள் சலோமி.

மறுநாள் விடியலில் அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். முழங்கால் வலியைச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கேட்க வேண்டும் என்று மட்டும் நெஞ்சு முட்டியது. பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். 'அந்தப் பிள்ளை' என்று தொடங்கப் பார்த்தாள். அதுவும் பெயர் சொல்லாமல் பெயர் சொல்கிற கள்ளத்தனம்தான் என்று பட்டது, விட்டுவிட்டாள். பெயர் இல்லாமல் அவளுக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுகூட நிற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிந்து, கடைசியில் வாயில் எதுவுமே மிச்சமில்லை. கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். பவதாரிணியின் முகம், தமிழ்ச்செல்வியின் சிவந்த கண், அழவைத்துப் பழகிய தன் வாய், எல்லாவற்றையும் இருக்கிறபடியே அவர் முன்னால் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாளாக இல்லாதது திரும்ப வந்திருந்தது. அவள் அழுதாள், அது அவளுக்கே தெரியவில்லை.

ஆசீர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றான். "என்ன, சத்தமே காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் உயர்த்திக் காட்டினாள், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே வந்தால் சற்றுப் பொறு என்று காட்டுவோமே, அப்படி.